மாலிக்யூல் 01-ஆ, இன்டர்லூட் மேனா?

ஒரு பாட்டில்தான் வாங்குவது என்று முடிவு செய்த பிறகு, என் பட்டியலில் எஞ்சிய இரண்டு நீஷ் (பெருஞ்சந்தைக்காக அல்லாமல், தனி ரசனைக்காகத் தயாராகும்) பெர்ஃப்யூம்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்று, கேசா ஷோன் என்ற பெர்ஃப்யூம் கலைஞர் உருவாக்கி 2006-இல் வெளிவந்த, எசென்ட்ரிக் மாலிக்யூல்ஸ் நிறுவனத்தின் மாலிக்யூல் 01. மற்றொன்று, ஓமன் நாட்டு அமுவாஜ் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட இன்டர்லூட் மேன்.

மாலிக்யூல் 01-இல் மணப்பொருள் என்று இருப்பது ஐசோ ஈ சூப்பர் மட்டுமே. வேறு மணங்களுக்குப் பின்னணியில் நின்று மெருகூட்டுவதற்காகப் பல பெர்ஃப்யூம்களில் சேர்க்கப்படும் இந்தச் செயற்கைப் பொருளை, ஷோன் தனியாகவே பாட்டிலில் அடைத்துவிட்டார். பெயர்தான் ஒற்றை மூலக்கூறு. உண்மையில் ஐசோ ஈ சூப்பர் என்பது பல ஐசோமர்களின் (ஒரே அணுக்கள் வெவ்வேறு விதமாக அடுக்கப்பட்ட மூலக்கூறுகளின்) கலவை, மணத்தின் பெரும்பங்கைத் தருவதோ அதில் மிகச் சிறிதளவே உள்ள ஓர் ஐசோமர். மணிக்கட்டில் ஸ்ப்ரே செய்த உடனே முகர்ந்தால் பலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது, சீவிய மரத்தின் உலர்ந்த மென்மணம் எங்கிருந்தோ வந்து போகும். தேடி மூக்கைக் கொண்டுபோனால் அகப்படாது.

இன்டர்லூட் மேனோ எடுத்த எடுப்பிலேயே அமளி செய்கிறது. ஓரிகனோவின் பச்சிலைக் காரமும் குந்திரிக்கப் புகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருவதால், கடையில் அட்டைத்துண்டில் முகர்ந்து பார்ப்பவர்கள் முகம் சுளித்து நகர்ந்துவிடுவது இயல்பே. ஆனால் தோலில் இட்டு, தேய்க்காமல், சில மணி நேரம் பொறுத்திருந்தால் காரம் அடங்கி, அம்பரின் இனிமையும் பதப்படுத்திய தோலின் வாசமும் அகிலும் மெல்ல மேலெழுகின்றன. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பிற்பகுதிதான்.

மாலிக்யூல் 01 அணிந்தவரைவிட அருகில் இருப்பவர்களுக்கே அதிகம் மணக்கிறது என்பதைப் பலர் அதன் பெருமையாகச் சொல்வார்கள். காசு கொடுப்பவன் நான், மணம் மட்டும் அடுத்தவருக்கா என்றுதான் எனக்குத் தோன்றியது. நெருக்கமான அலுவலக அறையில் நாள் முழுதும் அமர்பவருக்கு அதுவே ஏற்றது. வேறொரு பெர்ஃப்யூமுக்கு அடியில் இடவும் பயன்படும். நான் இன்டர்லூட் மேனையே எடுத்தேன். வெளியே கிளம்புவதற்கு வெகு முன்பாக, சட்டைக்குள் மார்பில் ஒரே ஒரு ஸ்ப்ரே. இரண்டாவது போட்டால் லிஃப்டில் உடன் வருபவர் பாடு திண்டாட்டம்தான்.