பெரிய டீச்சர் விடைபெறும் மே மாதம்

2025 ஏப்ரல் 23, புதன்

இந்தக் கல்வியாண்டில் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் கடைசி வாரம் இது. மாலை மணி அடித்ததும் எங்கள் 'பெரிய டீச்சர்', தலைமையாசிரியர் அம்மா, வழக்கம்போல் வாசலுக்கு வந்து, மிதிவண்டிகள் சாலையைக் கடக்கும்வரை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் மே 31 அன்று பணி ஓய்வு பெறுகிறார் என்பது ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரியும். பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேர்வு நேரத்தில் அவர்கள் மனத்தை அலைக்கழிக்க வேண்டாம் என்று கருதியிருப்பார்.

கோடை விடுமுறையின் நடுவே ஓய்வு பெறும் தலைமையாசிரியர்களுக்கு நேரும் குறை இது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அறையில் வேறொருவர் அமர்ந்திருப்பார். யாருக்காக அத்தனை ஆண்டுகள் உழைத்தாரோ அவர்களுக்கு விடைசொல்லும் வாய்ப்பே இல்லாமல் போய்விடும். எங்கள் பள்ளியில் அப்படி நடக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் குறிப்புகளை இன்று தொடங்குகிறேன்.

2025 மே 5, திங்கள்

பிரிவு உபசார விழாவைப் பற்றிப் பேச ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் இன்று கூடினோம். வேதாரண்யம் நகரில் குளிர்வசதியுள்ள ஒரு திருமண மண்டபத்தை எடுத்துவிடலாம் என்பது எங்களுள் சிலருடைய கருத்து. கணக்குப் போட்டுப் பார்த்து ஏறக்குறைய முடிவு செய்துவிட்ட நிலையில், குழுவின் தலைவியான தாய் ஒருவர் எழுந்து, மண்டபம் என்றால் கையில் மொய் இல்லாமல் எப்படி வருவது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் தயங்கி நின்றுவிடுவார்கள், பள்ளிக்கூடத்துக்கு வருவதென்றால் அந்தத் தயக்கம் இருக்காது என்றார். அவர் உப்பளத்தில் வேலை செய்பவர். அதற்குமேல் மண்டபத்தைப் பற்றி எவரும் பேசவில்லை.

நேரத்தையும் அவர்களே குறித்தார்கள். மே மாதம் உப்பு வாரும் பருவம். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடியுமுன்பே பாத்திகளில் இறங்குகிறவர்கள், வீடு திரும்பிச் சற்றுப் படுத்து எழவே நடுப்பகல் தாண்டிவிடும். ஆகவே 31ஆம் தேதி மாலை நான்கு மணி, பள்ளி மைதானம். வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பு, தமிழாசிரியர் என்பதால் எனக்கு வந்தது.

2025 மே 8, வியாழன்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் இன்று காலை வெளியாயின. மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. நாங்கள் எங்கள் பள்ளியின் விழுக்காட்டைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியர் தேர்ச்சி பெறாதவர்களின் பட்டியலை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். இந்தப் பள்ளிக்கு வந்த ஆண்டிலிருந்து அவருடைய வழக்கம் அது: அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குத்தான் அவருடைய முதல் தொலைபேசி அழைப்புகள் செல்லும். முதலில் தாயிடம் பேசுவார். பிள்ளை வீட்டில் இருக்கிறானா, சாப்பிட்டானா என்று கேட்பார். துணைத்தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகே சொல்வார். மதியம்வரை அந்த அறையின் கதவு சாத்தியே இருந்தது. மாவட்டத்தில் எங்களுக்கு எத்தனையாவது இடம் என்பதை அவர் மாலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

2025 மே 13, செவ்வாய்

வாழ்த்துமடல் எழுத உட்கார்ந்தேன். இதுவரை பலருக்கு எழுதியிருக்கிறேன். எண்சீர் விருத்தத்தில் 'கல்விக் கடலே, கருணை மலையே' என்று தொடங்கி, இறுதியில் பல்லாண்டு பாடி முடிப்பது மரபு. சட்டம் போட்டு, மேடையில் வாசித்து, கையில் கொடுத்துவிடுவோம். இன்று அப்படி நான்கு அடிகள் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். அதில் பெயரை மாற்றினால் வேறு எவருக்கும் பொருந்தும். கிழித்துப் போட்டுவிட்டு, இவரைப் பற்றி எனக்கு உண்மையில் தெரிந்தது என்ன என்று யோசித்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது நனைந்த பதிவேடுதான்.

அவர் எங்கள் பள்ளிக்குப் பொறுப்பேற்றது 2018 ஜூன். ஐந்து மாதம்கூட நிறைவதற்குள், நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. விடிந்து பார்த்தபோது தென்னையும் மாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் வயல்களில் ஒடிந்து கிடந்தன. எந்தச் சாலையும் சாலையாக இல்லை. பள்ளியின் ஓட்டுக் கட்டடங்கள் திறந்துகொண்டன. மழைநீர் அலுவலக அறைக்குள் இறங்கி இரும்புப் பீரோவின் அடித்தட்டு முழுவதையும் நனைத்திருந்தது. அங்கேதான் 1962 முதலான சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாமல் இருக்கலாம். வீடே போன இடத்தில் பதிவேடு எதற்கு என்று அன்று எங்களுக்கும் தோன்றியது. ஆனால் வீடு போனவனுக்குத்தான் அது வேண்டும். குடும்ப அட்டை, சான்றிதழ், பத்திரம் எல்லாவற்றையும் புயலில் இழந்துவிட்டு வந்து நிற்பவனிடம், நீ யார், எப்போது பிறந்தாய், உன் தகப்பன் பெயர் என்ன என்று எந்த அலுவலகம் கேட்டாலும், அதற்கு எழுத்தில் பதில் சொல்லக்கூடியது அந்தப் பதிவேடு ஒன்றுதான். பள்ளியில் வைத்திருக்கும் ஆவணங்களில் எக்காலத்திலும் அழிக்கக் கூடாதது என்று வகுக்கப்பட்டதும் அதுவே.

மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. வகுப்பறை பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, நிழலில், தாளுக்குத் தாள் செய்தித்தாளைச் செருகி, ஈரம் ஏறிய தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வைத்து, அந்தப் பதிவேடுகளை அவர் உலர்த்தினார். வெயிலில் போட்டால் தாள் முறுகி உடைந்துவிடும் என்று எங்களை வெயிலில் வைக்க விடவில்லை. மை கரைந்து பரவியிருந்த பக்கங்களில் மூலத்தின் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், படிக்க முடிந்ததை மட்டும் தனி நோட்டில் படியெடுக்கச் சொன்னார். ஐயம் வந்த பெயர்களுக்கு ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் கேட்டார். நிவாரண முகாமாக இருந்த பள்ளியில், அதே கட்டடத்தின் மறுபகுதியில் தங்கியிருந்த முதியவர்கள், தங்களோடு படித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மாலைப்பொழுதுகளை நான் மறக்கவே மாட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு கிழவர் தம் பெயர் இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

வாழ்த்துமடலை உரைநடையிலேயே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

2025 மே 22, வியாழன்

பத்தாம் வகுப்பு முடிவுகள் 16ஆம் தேதி வந்தன. மாற்றுச் சான்றிதழ் வாங்க நாள்தோறும் கூட்டம். தலைமையாசிரியர் கையொப்பமிட்டு மாளவில்லை. தாம் போன பிறகு முழுநேரத் தலைமையாசிரியர் வரக் கலந்தாய்வு நடந்தாக வேண்டும். அதுவரை ஒரு பிள்ளையின் சேர்க்கையும் கையொப்பத்துக்காகத் தாமதமாகக் கூடாது என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு சான்றிதழிலும் பிறந்த தேதியைப் பதிவேட்டோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பச்சை மைப் பேனாவை எடுக்கிறார்.

2025 மே 28, புதன்

பொறுப்பு ஒப்படைப்புக்கான பட்டியல்கள் இன்று முடிந்தன. மூத்த முதுகலை ஆசிரியரான வேதியியல் ஆசிரியர் பொறுப்பேற்கிறார். இருப்புப் பதிவேடு, ஆய்வகப் பொருள்கள், நிலுவையின்மைச் சான்று, சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போன ஓய்வூதியக் கருத்துருவின் நகல் எல்லாம் சரியாக இருந்தன.

வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது, அவருடைய பணிப்பதிவேட்டின் முதல் பக்கம் திறந்து கிடந்தது. பிறந்த தேதி 1-6-1965. மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி; அதனால்தான் மே 31. "இந்தத் தேதி பள்ளிக்கூடம் கொடுத்தது ஐயா" என்றார். அவருடைய தாயார் கணக்கின்படி அவர் பிறந்தது தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன மார்கழியில், அதாவது 1964 டிசம்பரில். ஊரில் யாரும் தேதி எழுதி வைப்பதில்லை. 1970 ஜூனில் சேர்க்கப் போனபோது, தலைக்கு மேலாக வலக்கையைக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னார்களாம், விரல் எட்டியது, ஐந்து வயது நிறைந்துவிட்டதென்று அன்றைய தலைமையாசிரியர் அந்த நாளுக்குக் கணக்காக ஒரு தேதியை எழுதிக்கொண்டார்.

தாயார் சொன்ன மார்கழியே பதிவாகியிருந்தால் அவருடைய ஓய்வு நாள் கடந்த டிசம்பரிலேயே வந்திருக்கும். ஓய்வு வயது 58ஆகவே இருந்திருந்தால் 2023ஆம் ஆண்டோடு முடிந்திருக்கும். யாரோ ஒரு கிராமத்துத் தலைமையாசிரியர் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு வரி எங்களுக்கு இவரை இந்த மே மாதம்வரை கொடுத்திருக்கிறது. தேதியை ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் ஏன் பேனாவை எடுப்பதில்லை என்பது இன்றுதான் எனக்கு விளங்கியது.

2025 மே 31, சனி

இரவு பதினொன்றரைக்கு எழுதுகிறேன்.

மாலை மூன்று மணிவரை சான்றிதழ்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியாக வந்தவன் இறால் பண்ணையில் வேலைக்குப் போய்விட்டு அப்படியே ஓடி வந்த ஒரு பையன். அவனுடையதில் கையொப்பமிட்டு, மை உலரும்வரை தாளைப் பிடித்திருந்து கொடுத்தார். அதன் பின் ஒப்படைப்பு அறிக்கையில் இருவரும் கையெழுத்திட்டார்கள். மேசைச் சாவிக்கொத்தை வேதியியல் ஆசிரியர் கைநீட்டி வாங்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அக்னி நட்சத்திரம் முடிந்து மூன்றாவது நாள், வெயில் தணியவில்லை. நாங்கள் போட்ட நாற்காலிகள் போதவில்லை, பந்தலுக்கு வெளியே மதில் ஓரம்வரை ஆள்கள் நின்றார்கள். விடுமுறையில் இருந்த பிள்ளைகள் வந்துவிட்டார்கள்! மேலாண்மைக் குழுப் பெண்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் தங்கள் பொறுப்பில் கேசரி கிண்டியிருந்தார்கள். பொன்னாடைகளும் உரைகளும் வழக்கம்போல் நிகழ்ந்தன.

குழுத் தலைவி பேசியதை மட்டும் விரிவாக எழுதிவைக்க வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடி, இடையில் சில வாரங்கள் மட்டும் நடந்த பள்ளி 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கு மீண்டும் திறந்தபோது, வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு ஆள் இல்லை. பையன்கள் உப்பளத்திலும் இறால் குட்டையிலும் இருந்தார்கள். சில பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அப்போது தலைமையாசிரியர் விடியற்காலையில், வேலை நடக்கும் நேரத்திலேயே, பாத்தி வரப்புகளில் நடந்து வந்தாராம். "எங்க மேஸ்திரி என்னமோ ஆபீசருன்னு நினைச்சு எந்திரிச்சு நின்னாரு. இவங்க வரப்புல உக்காந்து எங்கூட ஒரு மணி நேரம் பேசினாங்க. மகளை அனுப்புறேன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கல" என்றார். அந்த மகள் அப்போது பத்தாம் வகுப்பு. இன்று திருவாரூரில் கல்லூரியில் படிக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறது. அவளும் மேடையருகே நின்றாள். பேச அழைத்தோம், தலையை மட்டும் அசைத்து மறுத்துவிட்டு, தலைமையாசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் வாழ்த்துமடலை வாசித்தேன். பதிவேட்டைப் பற்றிய பகுதி வந்தபோது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து, புயலன்று முகாமில் இருந்த முதியவர்கள் சிலர் கைதட்டினார்கள். தலைமையாசிரியரின் ஏற்புரை ஐந்து நிமிடம்கூட இல்லை. பிள்ளைகளைப் பார்த்து, "லீவுல கூப்பிட்டதுக்கே இத்தனை பேரு வந்திருக்கீங்க. ரெண்டாம் தேதி ஒருத்தர்கூட வராம இருக்கக் கூடாது" என்றார்.

ஒருவர் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்தார். கஜாவில் தோப்பு முழுவதையும் இழந்து, மறு ஆண்டு ஒட்டுக்கன்று நட்டவர். இந்த ஆண்டுதான் நல்ல காய்ப்பு என்றார்.

வழக்கப்படி ஒரு வேனில் நாங்கள் அவரை வீடுவரை கொண்டுபோய் விட்டோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவருடைய வீடு. வயது முதிர்ந்த தாயார் வாசலில் கோலமிட்ட இடத்துக்கு அருகே நாற்காலியில் காத்திருந்தார். ஆரத்தி எடுத்து முடித்ததும் மகளின் நெற்றியில் திருநீறு வைத்து, "பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டதும் நான்தான், திரும்பக் கூட்டிக்கிறதும் நான்தான்" என்றார். வீட்டுக்குள் போகும்வரை எங்கள் எவராலும் பேச முடியவில்லை.

2025 ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் பொறுப்புத் தலைமையாசிரியர், அம்மா ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்று விழாவுக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக ஒருமுறை சொன்னார். வரிசைகளில் ஓசையே இல்லை. வேப்பமரத்தடியை நான் இரண்டுமுறை பார்த்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஆறாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கியது. முதலில் வந்தவள் ஒரு பாட்டியின் கையைப் பிடித்திருந்த சிறுமி. பதிவேட்டில் எழுதும் பணி எனக்கு. முந்தைய பதிவின் எதிரே பச்சைக் கையொப்பம் இருந்தது. அதற்கு அடுத்த எண்ணைப் போட்டேன். பிறந்த தேதி கேட்டபோது பாட்டி, "கஜா வந்தப்ப இவளுக்கு நாலு வயசு" என்றார். சிறுமி பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். 2014. பாட்டியின் கணக்கு சரியாக இருந்தது. சான்றிதழில் ஒருமுறை, ஆதாரில் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன்.