நாலு படி

தம்பிக்குச் சக்கர நாற்காலி. உப்புவெளியிலிருந்து ஓட்டோவில் அவனைக் கூட்டிக்கொண்டு உவர்மலைப் பக்கம் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். வாசலில் ‘அரச நிதி உதவியுடன்’ என்று பெரிய பலகை. அதற்குக் கீழே நாலு படி, சாய்தளம் இல்லை. உள்ளேயிருந்து வந்தவர், “தங்கச்சி, இவருக்கு இங்க சரிவராது” என்றார். தம்பியின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அன்றிரவே தேடி வாசித்தேன். இலங்கையில் இயலாமையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவு: இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது. பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்கு 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டம், 504ஆம் பிரிவு, இன்னும் நேராகப் பேசுகிறது: மத்திய அரசின் பணத்தை வாங்கும் எந்தத் திட்டமும் இயலாமையுள்ளவரை ஒதுக்கக் கூடாது. பணத்தோடு கடமையும் சேர்ந்தே வருகிறது. இங்கேயும் அது எங்கள் வரிப் பணம்தானே?

அரச நிதியில் கணிசமாக இயங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களும், தாங்கள் மக்களுக்குத் தரும் சேவையைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்தச் சட்டத்தின்படி நிலையத்துக்குத் தமிழிலேயே எழுதினேன்: எவ்வளவு நிதி கிடைத்தது? இயலாமையுள்ளோர் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்? சாய்தளத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?

நேற்றுப் பதிவுத் தபாலில் போட்டேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தம்பி கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.