95-ல் உதறும் ஸ்டியரிங்: இதுவரை பார்த்தது

தண்டையார்பேட்டையில் கார் வைத்திருப்பவருக்கு இந்தக் கோளாறு வெகுநாள் தெரியாமலே இருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊரும்போது 40-ஐத் தொடுவதே பெரிய காரியம். அந்த வேகத்தில் என் வண்டி பரம சாது. மாதவரம் ரவுண்டானா, செங்குன்றம் எல்லாம் கடந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் விட்டால்தான் சுயரூபம் தெரியும். 85-ல் ஸ்டியரிங் லேசாக நடுங்கும், 95-ல் நடுக்கம் மணிக்கட்டு வரை ஏறும், 100-ஐ நெருங்கினால் சற்று அடங்கும்.

அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கச் சொல்லாதவர்களே இல்லை. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்துபோகும் உதறல் பெரும்பாலும் அதன் வேலை அல்ல. ஆகவே கடைக்குப் போகுமுன் காசு செலவில்லாத சோதனைகளை முடித்துவிட நினைத்தேன்.

ஞாயிறு விடியற்காலை, காரனோடைப் பாலத்துக்கு அப்பால், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரம். (வழியில் வருவது சோழவரம். உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார் பந்தயம் நடந்த ஊர். எனக்கு 95 போதும்.) நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டேன், உதறல் குறையவில்லை. எனவே எஞ்சின் குற்றவாளி அல்ல. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஒரே அளவு. அதனால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் ஜாயின்ட் மேல் சந்தேகம் குறைந்தது. மெல்ல பிரேக் பிடித்தபோது கூடவில்லை, ஆகவே டிஸ்க் கோணலும் அல்ல. இடமும் வலமும் லேசாக வளைத்தபோது இரைச்சல் மாறவில்லை, பேரிங்கும் தப்பித்தது. நடுக்கம் இருக்கையில் அல்ல, கையில். அப்படியென்றால் முன் சக்கரங்கள்.

கைபேசியை டேஷ்போர்டில் ஒட்டி, பைஃபாக்ஸ் செயலியில் அதிர்வைப் பதிவு செய்தேன். வரைபடத்தில் நொடிக்கு 13 அதிர்வுகளுக்குச் சற்று மேல் ஒரே ஒரு கூர்முனை. என் டயர் 165/80 ஆர்14. சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 95 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பதின்மூன்றரைச் சுற்று சுற்றும். எஞ்சினோ அப்போது 40-க்கு மேல். கணக்கு சக்கரத்தையே காட்டியது. அந்த வேகத்தில் ரிம் ஓரத்தில் 30 கிராம் சமன் தவறினால், வெளிப்புறம் இழுக்கும் விசை ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமம். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். நகருக்குள் வண்டி சாதுவாக இருந்ததன் ரகசியம் இதுதான். 100-க்கு அருகில் அடங்குவதற்குக் காரணம் ஊஞ்சல் கணக்கு: சஸ்பென்ஷனின் இயல்பான ஆட்டத்தோடு தள்ளும் வேகம் ஒத்துப்போகும் இடத்தில்தான் உச்சம், அதைத் தாண்டினால் தளரும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் கடையில் பேலன்சிங் செய்தார்கள், அதாவது சக்கரத்தை மெஷினில் சுற்றி, எடைத்துண்டு ஒட்டிச் சமன் செய்தார்கள். இடது முன்சக்கரம் உள்பக்கம் 35 கிராம் கேட்டது. அடுத்த ஓட்டத்தில் உதறல் குறைந்தது, ஆனால் போகவில்லை. திரும்பப் போய்ச் சொன்னேன். “மெஷினே ஜீரோ காட்டிவிட்டது சார், இதற்கு மேல் என்ன?” என்றார் கடைக்காரர். சக்கரத்தைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி மறுபடி மாட்டிப் பார்க்கச் சொன்னேன். முகம் சுளித்தாலும் செய்தார். அப்போதும் ஜீரோ. அவர் சொன்னது சரி. ஆனால் மெஷின் சமன் செய்வது தன் தண்டில் மாட்டிய சக்கரத்தைத்தான். என் வண்டியின் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், அது எப்படி உட்காருகிறது என்பது மெஷினுக்குத் தெரியாது.

வீட்டில் ஜாக்கி ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, இடது சக்கரத்தைக் கழற்றினேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீசும் உப்புக் காற்றின் கைவரிசை அங்கே இருந்தது. சக்கரம் ஒட்டி உட்கார வேண்டிய டிஸ்கின் முகப்பில், போல்ட்டுகளின் அடியைச் சுற்றி, துரு அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டியிருந்தது. நகத்தால் நெம்பினால் செதில் செதிலாக வந்தது. ரிம்மின் முதுகைத் திருப்பிப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் பளபளப்பு. மீதி இடமெல்லாம் மங்கல். அதாவது சக்கரம் பிறையளவு இடத்தில்தான் ஒட்டியிருந்தது. நட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும் கோணல் கோணல்தான்.

கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். நடு வளையத்தில் மட்டும் மெல்லிய கிரீஸ். முகப்பிலும் மரையிலும் தடவவே கூடாது. நட்டுகளை எதிரெதிராகக் கையால் முடுக்கி, வண்டியை இறக்கிய பின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன். கடைகளில் ஏர் கன் வைத்து ஒரு பக்கமிருந்து வரிசையாக முடுக்குவதை நான் இப்போது அனுமதிப்பதில்லை. வலது பக்கமும் இதே வேலை. மறுபடி ஓட்டியபோது கைபேசியில் கூர்முனை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

எஞ்சிய கொஞ்சம் உதறலுக்கு வலது முன் டயர் காரணம் என்று நினைக்கிறேன். சக்கரத்தைத் தூக்கி, செங்கல் மேல் வைத்த ஸ்க்ரூடிரைவர் நுனியை டயருக்கு அருகில் நிறுத்திச் சுற்றினேன். ரிம் நேராக ஓடுகிறது, ஆனால் ஒரே இடத்தில் டயர் புடைத்து வந்து நுனியை உரசுகிறது. அந்தச் சக்கரத்தையும் அதன் ஜோடியையும் பின்னால் மாற்றியதும் கையிலிருந்த நடுக்கம் இருக்கைக்கு இடம் மாறியது. டயர் பக்கவாட்டில் 2318 என்றிருக்கிறது, அதாவது 2018-ன் 23-ஆம் வாரத் தயாரிப்பு. உள்ளே இரும்புப் பட்டை விலகத் தொடங்கியிருக்கலாம், எனவே அதை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோவதாக இல்லை. ஸ்டெப்னியும் அதே வயது, ஓடாமல் கிடந்ததால் மட்டும் இளமையாகிவிடாது.

இரண்டு புது டயர் வாங்கப் போகிறேன். அவை பின்னால், மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். பின்னாலிருந்து முன்னால் வந்த இரண்டையும் இதே ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டேன், நேராகவே ஓடுகின்றன.