பதின்மூன்று பாகையில் ஒரு மவுண்ட்

12 ஜனவரி 2025, ஞாயிறு

கணினி இயக்கும் பெரிய தொலைநோக்கி வாங்கி நெபுலாக்களை, அதாவது விண்வெளி வாயு மேகங்களை, படம்பிடிப்பது என்று உறுதியாகிவிட்டது; எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. மனம் 11 அங்குல எட்ஜ்எச்டி என்ற தொலைநோக்கிக் குழலில் நிற்கிறது. குழல் மட்டுமே 12.7 கிலோ, கேமரா, கைடு ஸ்கோப் (விண்மீனைத் தொடரும் சிறு தொலைநோக்கி), ரெட்யூசர் (குவியத் தூரத்தைக் குறைக்கும் வில்லை), பனி ஹீட்டர் எல்லாம் ஏறினால் 16 கிலோவை எட்டிவிடும். ஈக்யூ6-ஆர் மவுண்ட் (குழலைச் சுமந்து, வானோடு சேர்த்துத் திருப்பும் தாங்கி) 20 கிலோ தாங்கும் என்பது கண்ணால் பார்ப்பதற்கான கணக்கு. படமெடுப்பவர்கள் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றுவதில்லை. அதற்கு மேலான மவுண்ட் என்றால், லிஃப்ட் இல்லாத நங்கநல்லூர் வீட்டின் மூன்றாம் மாடிக்கு அதை யார் தூக்குவது?

13 ஜனவரி, போகி

விடியற்காலைப் புகையில் பக்கத்துத் தெருவே தெரியவில்லை. வானத்தை மறந்து கணக்கில் இறங்கினேன். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து, 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால், ஒரு பிக்சல் வானில் எத்தனை விகலையை (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) பிடிக்கும் என்று வரும். 3.76 மைக்ரான் பிக்சலும் 2800 மி.மீ. குவியத் தூரமும் சேர்ந்தால் 0.28 விகலை. காற்றின் கலக்கத்தால் விண்மீனே இரண்டு விகலைக்குப் பரவும் இரவில், இவ்வளவு நுணுக்கம் வீண். 8 அங்குலக் குழலில் 0.7 ரெட்யூசர் போட்டால் 1422 மி.மீ., அதாவது 0.55 விகலை, அதுவே தாராளம். வியாழனையும் செவ்வாயையும் மட்டும் எடுப்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர்கள் ஆயிரக்கணக்கான குறுநேரப் படச் சட்டகங்களிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கிக்கொள்கிறார்கள்.

18 ஜனவரி, சனி

தாம்பரத்து நண்பர் வீட்டில் 11 அங்குலக் குழலை இரு கைகளால் பிடித்திருக்கும் ஃபோர்க் மவுண்டைப் பார்த்தேன். மேல்-கீழாகவும் இட-வலமாகவும் திரும்பும் ஆல்ட்-அஸ் முறையில் அது அழகாகத் தேடிப் பிடிக்கிறது; ஆனால் நம் அட்சரேகையில், தெற்கே 45 பாகை உயரத்தில் நிற்கும் பொருளின் காட்சிப்புலம் மணிக்கு ஏறக்குறைய 20 பாகை சுழலும். ஐந்து நிமிடச் சட்டகத்தில் ஓரத்து விண்மீன்கள் வில்லாக வளைந்துவிடும். இதைத் தவிர்க்க வெட்ஜ் என்ற சாய்வுத் தாங்கியை வைத்துச் சாய்க்க வேண்டும். பூமியின் அச்சுக்கு இணையாக, அடிவானத்திலிருந்து சென்னையின் அட்சரேகையான 13 பாகைக்குச் சாய்த்தபோது, ஃபோர்க்கின் இரு கைகளும் ஏறத்தாழப் படுத்தே விட்டன. ஏறக்குறைய 30 கிலோ முழுவதும் முக்காலியைத் தாண்டி வடக்கே தொங்கியது. "தொடாதீங்க சார், இப்பதான் ஆட்டம் நின்னுது" என்றார் நண்பர்.

லண்டனிலோ நியூயார்க்கிலோ இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அங்கே அச்சு நிமிர்ந்து நிற்கும். காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்குக் குதிரைலாட வடிவ மவுண்ட் அமைத்ததும், குறைந்த அட்சரேகைக்கு அதுவே ஏற்றது என்பதால்தான்.

25 ஜனவரி, சனி

பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் ஈக்குவடோரியல் மவுண்டுகளின் விவரக் குறிப்பில் எல்லோரும் தாண்டிப்போகும் வரி ஒன்று உண்டு: அட்சரேகை வரம்பு. சிலவற்றின் கீழ்வரம்பே 15 பாகை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சென்னைக்கு அவை உதவா. ஈக்யூ6-ஆர் 5 பாகை வரை இறங்கும். ஆனாலும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கிறதா என்று கடையிலேயே சுழற்றிப் பார்க்க வேண்டும்.

எங்கள் மாடியில் துருவ நட்சத்திரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கிண்டிப் பக்கத்து வெளிச்சத்தில் கிடக்கிறது. ஆகவே அந்த நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைச் சீராக்கும் போலார் ஸ்கோப் பயனில்லை. வானின் மூன்று இடங்களைப் படமெடுத்து, பிளேட் சால்விங் (படத்திலுள்ள விண்மீன்களை வைத்து அது வானின் எந்த இடம் என்று கண்டறிதல்) மூலம் அச்சின் பிழையைச் சொல்லும் நினா மென்பொருளின் முறைக்குத் துருவம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

29 ஜனவரி, தை அமாவாசை

ஏஎம்5 போன்ற ஹார்மோனிக் மவுண்ட் (வளையும் பற்சக்கரம் கொண்ட இலகுவான வகை) 5 கிலோதான், எதிர்எடை இல்லாமலே 13 கிலோ சுமக்கும். கைகால் வலிக்கு அதுவே மருந்து. ஆனால் அதன் சீர்பிழை (பற்சக்கரத்தால் திரும்பத் திரும்ப வரும் ஆட்டம்) பெரிது. கைடிங் (விண்மீனைப் பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) ஒரு நொடி தடுமாறினாலும் விண்மீன் நீண்டுவிடும். நீண்ட குவியத் தூரத்துக்கு, 180 பல் சக்கரத்தில் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாக ஆடும் ஈக்யூ6-ஆர் மேல். அதன் 17 கிலோ தலையை இருவராகத் தூக்கலாம்.

1 பிப்ரவரி, சனி

மவுண்டுக்கு மட்டும் முன்பணம் கட்டினேன். 8 அங்குலக் குழலைச் சித்திரைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் முக்காலியை எந்தத் தூணின் தலைமேல் வைத்தால் மாடி அதிராது என்று பார்க்க வேண்டும். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் 1792-இல் கருவியைத் தாங்க நிறுத்திய, தமிழிலும் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது. எங்கள் குடியிருப்புச் சங்கமோ ஒரு செங்கல் மேடைக்கே விண்ணப்பம் கேட்கிறது.