கீழ செட் பண்ண செயின்சா ஊட்டில ஏன் இழுக்க மாட்டேங்குது

புதுசா செயின்சா வாங்குற பசங்க எல்லாரும் முதல்ல கேக்குறது, சைலன்சர்ல ஓட்டை போட்டா பவர் ஏறுமாண்ணாங்கிறதுதான். ஏறும், இல்லைங்கல. ஆனா மேட்டுப்பாளையத்துல செட் பண்ண கார்புரேட்டரோட அப்படியே மலை ஏத்திட்டு வந்துட்டு மெஷினைத் திட்டுனா அது என்ன பண்ணும்? அங்க உயரம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. இங்க காத்து கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, பெட்ரோல் மட்டும் குறையாம போகுது, மிக்சர் ரிச்சாகி (காத்தை விட பெட்ரோல் ஜாஸ்தியாகி) புகை தள்ளுது, பிளக் கரி புடிக்குது, சீகை மரத்துல வச்சா திணறுது.

அதனால முதல்ல ஏர் ஃபில்டரைக் கழட்டி சுத்தம் பண்ணுங்க, மெஷின் நல்லா சூடாகட்டும், அப்புறம் ஹெச் ஸ்குரூவை (கார்புரேட்டர்ல ஃபுல் வேகத்துக்கு பெட்ரோல் அளவை மாத்துற திருகு) வலது பக்கமா துளித்துளியா திருப்பி ஃபுல் த்ராட்டில்ல சத்தத்தைக் கேளுங்க. மரத்துல வைக்காதப்ப லேசா கரகரன்னு தடுமாறணும், வச்சு அறுக்கும்போது அந்தக் கரகரப்பு போய் சீரா இழுக்கணும், அதுதான் சரியான இடம். சும்மா இருக்கும்போதே கீச்சுன்னு கத்துச்சுன்னா லீன், அதாவது பெட்ரோல் கம்மி, பெட்ரோலோட வர்ற ஆயிலும் பத்தாது, பிஸ்டன் புடிச்சுக்கும். ஆட்டோ ட்யூன் மெஷின் வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல, அதுவே பாத்துக்கும் (விலையும் அப்படித்தான்).

சைலன்சர் வேலை இதுக்கப்புறம்தான். வாயைப் பெருசாக்குனா மிக்சர் லீன் பக்கம் போகும், மறுபடி ஹெச்சைக் கொஞ்சம் திறக்கணும். உள்ள இருக்குற தீப்பொறி வலையை மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க, மார்ச் மாசம் காஞ்ச புல்லுல ஒரு பொறி போதும்.

என்னைக் கேட்டா இதெல்லாத்தையும் விட அரம்தான் பெரிய ட்யூனிங். 3/8 இன்ச் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு பொதுவா 5.2 எம்எம் அரம், 0.325க்கு 4.8, பெரும்பாலான செயினுக்கு அரத்தை 30 டிகிரி சாய்ச்சுப் பிடிக்கணும், எல்லாப் பல்லும் ஒரே நீளம். சில்வர் ஓக்ல சீவல் சீவலா விழுந்தா பல் நல்லாருக்கு, மாவா கொட்டுனா மொட்டை. சிலர் வேகமா அறுக்கணும்னு டெப்த் கேஜை (பல்லுக்கு முன்னாடி இருக்குற மேடு) கண்டபடி ராவிடுறாங்க, பொதுவா பல்லை விட 0.65 எம்எம் தாழ்வா இருந்தா போதும், அதுக்கு மேல போனா மெஷின் எகிறி மூஞ்சிக்கு வரும்.

அப்புறம், கீழ தென்னை அறுக்கக் கூப்பிட்டாங்கன்னு இந்த செட்டிங்கோட இறங்கிறாதீங்க, அங்க காத்து அதிகம், லீனாயிடும். ஹெச்சைத் திறந்து சத்தம் பாத்துட்டு அப்புறம் மரத்துல வைங்க.