வெறும் பையின் நிறை

கல்லூரிப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் சங்கச் செயலாளர் மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். எனக்கு அட்சரகணிதம், அதாவது அல்ஜிப்ரா, படிப்பித்த சேரைப் பற்றித்தான் எழுத வரும். அவருடைய பெயரை நான் போடவில்லை. அந்த வருடங்களில் நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு அவர் ஒன்றும் தெரியாக்கணியம் அல்ல.

1992. எட்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. கொப்பி விற்ற விலைக்கு, முதலில் பென்சிலால் எழுதி, அதற்கு மேலே பேனையால் இன்னொரு பாடம் எழுதினோம். கல்லூரியின் ஒரு கட்டடத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன. அதனால் எங்கள் வகுப்பு விறாந்தையில் நடந்தது. கணக்குப் பாடத்துக்கு நடுவில் யாராவது ஒரு அம்மா குடத்தோடு போவார். சேர் ஒதுங்கி வழிவிட்டுவிட்டுத் தொடருவார்.

அந்தத் தவணை முதலில் வந்தது தொடைகள், ஆங்கிலத்தில் 'செற்' என்கிற பாடம். பதின்மூன்று வயதுப் பெடியன்களுக்கு முன்னால் நின்று 'வெறுந்தொடை' என்று கரும்பலகையில் எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதைக் 'கணம்' என்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். எங்களுக்கு வாய்த்தது தொடை. சேர் சோக்கட்டியைக் கையில் வைத்தபடி நின்றார். "சிரிச்சு முடிச்சாச்சோ? சரி, இனி எழுதுங்கோ."

அதற்குப் பிறகு சமன்பாடு. அதில் எங்களில் பாதிப்பேர் வீட்டு அண்ணன்மாரிடம் முன்னதாகவே மந்திரம் வாங்கியிருந்தோம்: 'சக அங்கால போனால் சய, சய அங்கால போனால் சக'. சக என்றால் கூட்டல் குறி, சய என்றால் கழித்தல் குறி. சேர் அந்த மந்திரத்தை வகுப்பில் சொல்ல விடவில்லை. "ஏன் மாறுது? நடுவில சுங்கச்சாவடி ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

மறுநாள் கூட்டுறவுச் சங்கக்கடையிலிருந்து தட்டுத் தராசு ஒன்று வந்தது. நிவாரணம் கொடுக்காத நாளாகப் பார்த்து மனேச்சரிடம் இரவல் வாங்கியிருந்தார். இரண்டு பேர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் காற்சட்டைப் பைகளிலிருந்த, விளையாடுகிற கண்ணாடிப் போளைகள் எல்லாம் மேசைக்கு வந்தன. ஒரேயளவானவை இருபத்தெட்டைப் பொறுக்கினார். மூன்று சின்னத் துணிப்பைகளில் எங்களுக்குக் காட்டாமல் போளைகளைப் போட்டுக் கட்டி இடது தட்டில் வைத்தார். பக்கத்தில் இரண்டு போளைகள். வலது தட்டில் பதினான்கு. கரும்பலகையில் 3எக்ஸ் + 2 = 14.

"எக்ஸ் எண்டால் என்ன?"

"பை, சேர்."

"பை இல்லையடாப்பா. பைக்குள்ள இருக்கிற போளையின்ர எண்ணிக்கை. பையைப் பெருக்கேலாது, எண்ணைத்தான் பெருக்கலாம்."

இந்த ஒரு வசனத்துக்காகவே அவருக்கு ஒரு சிலை வைக்கலாம் என்பது என் எண்ணம். 'அ என்றால் அப்பிள், வா என்றால் வாழைப்பழம்' என்று தொடங்கி அட்சரகணிதத்தைப் பழக்கடை ஆக்கும் ஆசிரியர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள். அப்படிப் படித்த பிள்ளை இரண்டு அப்பிளையும் மூன்று வாழைப்பழத்தையும் கூட்டி ஐந்து அப்பிள்வாழை என்று எழுதும். அதைத் திருத்துவதற்குள் தவணை முடிந்துவிடும்.

சரி, தராசுக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் இவ்விரண்டு போளைகளை எடுத்தார். மூன்று பைக்கு எதிரே பன்னிரண்டு. பிறகு இரண்டு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்து, ஒரு பைக்கு எதிரே நான்கு. பையை அவிழ்த்தால் நான்கு போளை. கைதட்டினோம். அப்போது பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "சேர், பை வைச்ச தட்டை நீங்கள் விரலால தூக்கிப் பிடிச்சனீங்கள். பைக்கும் நிறை இருக்குத்தானே?"

உண்மைதான். நாங்களும் கண்டிருந்தோம், வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சேர் தராசைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு "ஓம் தம்பி, களவு பிடிச்சிட்டாய்" என்றார். மணி அடித்தது.

அடுத்த நாள் அவர் மாமூட்டைத் துணியில் தைத்த இன்னும் மூன்று பைகளோடு வந்தார். அவற்றை வெறுமையாகவே வலது தட்டில் பதினான்கு போளைகளோடு வைத்தார். விரல் படாமல் தராசின் முள் நடுவில் நின்றது. அன்றைக்குத்தான் சமக்குறி எனக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். 'இதோ விடை வருகிறது' என்று அறிவிக்கும் குறி அல்ல அது. இங்கே ஏதாவது செய்தால் அங்கேயும் அதையே செய், வெறும் பையையும் விடாதே என்று கேட்கிற குறி.

2எக்ஸ் - 3 = 7 வந்தபோது தராசை மூடி வைத்துவிட்டார். "இல்லாத மூண்டு போளையைத் தட்டில வைக்கேலாது. தராசு இவ்வளவுக்கும்தான் வரும்," என்றார். "ரெண்டு பையில இருந்து மூண்டு களவு போட்டுது. களவு போனதைத் திருப்பி வை. மற்றப் பக்கத்துக்கும் மூண்டு வை." அவ்வளவுதான், எக்ஸ் ஐந்து. அப்புறம் ஐந்தைப் பிரதியிட்டுச் சரிபார்க்காதவனுக்குப் பத்துக்கு எட்டுத்தான் போடுவார். எனக்கு நிறைய எட்டுகள் கிடைத்தன.

1995 ஒக்ரோபர் கடைசியில், போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

இங்கே ஆசிரியராகிய முதல் வருடம், பாடத்திட்டத்தில் பின்தங்கிவிட்டேன் என்ற அவசரத்தில் அந்த மந்திரத்தை நானே வகுப்பில் சொன்னேன். 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.' பரீட்சைத்தாளில் 3எக்ஸ் = 12 என்பதற்குப் பாதி வகுப்பு 12-3 = 9 என்று எழுதியிருந்தது. பிள்ளைகளில் பிழையில்லை. மூன்று அங்கால போனது, சய ஆனது. நான் சொன்னபடிதான் செய்தார்கள். அதே தாள்களில் 3+4 = 7×2 = 14 என்று சமக்குறிகளைச் சங்கிலியாகக் கோத்தவர்களும் இருந்தார்கள். அன்று மாலையே டொலர் கடைக்குப் போய் ஒரு பொதி போளை வாங்கினேன்.

2021 செப்டெம்பரில் ஒன்ராறியோ மாகாணம் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் இருந்த இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கியது. இப்போது பின்னமே தடுமாறுகிற பிள்ளையும், ரியூசனில் இருபடிச் சமன்பாட்டை முடித்துவிட்டு வரும் நம்மவர் பிள்ளையும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். தராசு இரண்டு பேருக்கும் உதவுகிறது. ரியூசன் பிள்ளைக்குத்தான் கூடுதலாக உதவுகிறது என்று சொன்னால் பெற்றோர் என்னோடு கோபிப்பார்கள்.

ஒருநாள், களவு போனதைத் திருப்பி வைக்கும் கதையைச் சொல்லிவிட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்-ஜபர்' என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜிப்ரா வந்தது, குறைந்ததைத் திருப்பி நிறைவாக்குவது என்று பொருள் என்றேன். சிரியாவிலிருந்து வந்த மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதற்கும் தங்கள் வீட்டில் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள், பாட்டியின் கை முறிந்தபோது கேட்டிருக்கிறாள் என்றாள். எங்கள் ஊரின் முறிவு நெரிவுப் பரியாரியார் எனக்கு ஞாபகம் வந்தார். சேருக்கு இது தெரிந்திருந்தால் தராசோடு பரியாரியாரையும் விறாந்தைக்குக் கூட்டி வந்திருப்பார்.

ஒவ்வொரு வருடமும் பையுள்ள தட்டை விரலால் லேசாகத் தூக்கிப் பிடிக்கிறேன், வேண்டுமென்றே. இத்தனை வருடத்தில் இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். இந்த வருடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. மூன்று வெறும் பைகளும் என் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன.