மினாவில் ஹஜ்ஜுப் பெருநாள்

அம்மாவின் ஹஜ் 2020இலேயே நடந்திருக்க வேண்டியது. அத்தாவுக்கும் (அப்பா) அம்மாவுக்கும் குலுக்கலில் பெயர் வந்து, பணம் கட்டி, ஹஜ்ஜுக்கு உடுத்தும் இஹ்ராம் துணியெல்லாம் வாங்கி வைத்த பிறகு கொரோனா வந்தது. அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து யாருக்குமே ஹஜ் இல்லை. கட்டிய பணம் திரும்பி வந்தது. அடுத்த வருடம் அத்தா மௌத்தாகி எங்களை விட்டுப் போனார். 2022இல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். 2023இல்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த வருடம் எழுபது தாண்டியவர்களுக்குக் குலுக்கல் இல்லாமலே இடம் கிடைத்தது, துணைக்கு ஒருவர் போக முடிந்தது. அந்தத் துணை நான். கிளம்பும்போது அம்மா பீரோவைத் திறந்து, அத்தாவுக்கு வாங்கிய இஹ்ராம் துணியை எடுத்து என் கையில் கொடுத்தார். வேறு வாங்கவில்லை.

ஹாஜிகள் பகலெல்லாம் நின்று துஆ கேட்கும் அரஃபா மைதானத்தைப் பற்றி எழுத எனக்கு வராது. அங்கே போனவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு ராத்தங்கும் முஸ்தலிஃபாவிலிருந்து சொல்கிறேன்.

அந்த ராத்திரி தரையில் பாய் விரித்து, மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டுப் படுத்தோம். அம்மா படுக்கவில்லை. மினாவில் ஷைத்தான் தூண்கள் மேல் எறிய, செல்போன் வெளிச்சத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கொண்டைக்கடலை அளவுக்குத்தான் இருக்க வேண்டும் என்று ஹஜ்ரத் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார். அம்மா ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்த்து, பெரியதைத் தள்ளி, மண்ணைத் துடைத்துச் சுருக்குப்பையில் போட்டார். மூன்று நாளுக்கும் சேர்த்து 49 கல். எனக்கும் சேர்த்து அவரே எடுத்துவிட்டார். "நீ அவசரத்துல பாறாங்கல்லா எடுத்துருவ" என்றார்.

ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு, டெண்ட்டுகள் இருக்கும் மினாவுக்குப் போக பஸ் வரும் என்றார்கள். வரவில்லை. வெயில் ஏறிய பிறகும் வரவில்லை. யாரைக் கேட்டாலும் "இதோ, ஐந்து நிமிடம்". கழிப்பறை வரிசையில் நின்ற வயதான பெண்களைப் பார்க்க மனசு கேட்கவில்லை. 45 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. 18 லட்சத்துக்கும் மேல் ஹாஜிகள் கூடிய வருடம், கஷ்டம் இருக்கத்தான் செய்யும், சரி. ஆனால் எப்போது வரும் என்று நேராகச் சொல்ல ஒரு ஆள் நிறுத்த முடியாதா? இஹ்ராம் நிலையில் சண்டை கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். பீகார்க்காரத் தம்பி ஒருவன், யாரென்றே தெரியாது, தன் குடையை அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டு பஸ் வரும்வரை நின்றான்.

அன்று ஹஜ்ஜுப் பெருநாள். உலகமெல்லாம் தக்பீர் முழங்கிப் பெருநாள் தொழும்போது, ஹாஜிகளுக்கு மட்டும் பெருநாள் தொழுகை இல்லை. புத்தாடை இல்லை, அத்தர் இல்லை. தூசி படிந்த அதே இரண்டு துணி. கையில் ஏழு கல்.

கல் எறியும் இடமான ஜம்ராவுக்கு அம்மா வர வேண்டாம், அவருக்குப் பதிலாக வகீலாக நானே எறிந்துவிடுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. வீல்சேர் தள்ள ஆள் கேட்டபோது, அம்மாவின் முட்டியைப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்ன ரியாலைக் கேட்டுத் தலை சுற்றியது. பக்கத்து டெண்ட்டில் இருந்த சேலத்துக்காரர் தன் மாமியாரின் வீல்சேரைக் கொடுத்தார். அல்லாஹ் அவருக்கு பரகத் செய்வானாக.

ஜம்ரா இருப்பது 2006 நெரிசலுக்குப் பிறகு கட்டிய பல மாடிப் பாலத்தில். ஷைத்தான் தூண்களும் இப்போது தூணாக இல்லை, நீளமான சுவராக நிற்கின்றன. கூட்டம் சுவரின் முன்முனையிலேயே மொத்தமாக அடித்துக்கொள்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கடைசிவரை போனால் கை நீட்ட இடம் கிடைக்கும். போகப் போகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஜம்ராவையும் நடு ஜம்ராவையும் கடந்து பெரியதற்கு வந்ததும் அம்மா வீல்சேரிலிருந்து எழுந்துவிட்டார். முதல் கல்லோடு, 'வந்துவிட்டேன் இறைவா' என்கிற லப்பைக் சொல்வது நின்றுவிடும். இத்தனை நாள் வாய் ஓயாமல் சொன்ன லப்பைக். அம்மா அதைக் கடைசியாக ஒரு தடவை முழுசாக ஓதிவிட்டு, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று முதல் கல்லை எறிந்தார். ஒவ்வொன்றாக ஆறு போனது. ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னாலிருந்து இடி வாங்குவது நான். "எறிங்கம்மா, எறிங்க" என்று கத்தினேன். உதடு என்னமோ முணுமுணுத்தது. அப்புறம் எறிந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! கல் சுவரில் பட்டுக் குழிக்குள் விழுந்தது.

டெண்ட்டுக்குத் திரும்பினால் அடுத்த காத்திருப்பு. நாங்கள் ஹனஃபி மத்ஹபு என்கிற சட்டவழியைப் பின்பற்றுகிறவர்கள். கல் எறிதல், குர்பானி, பிறகுதான் தலைமுடி. வரிசை மாறக் கூடாது. குர்பானி கொடுத்தாகிவிட்டது என்று உறுதியாகத் தெரியாமல் இஹ்ராமைக் களைய முடியாது. நாங்கள் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் குர்பானிக் கூப்பன் எடுத்திருந்தோம். அறுப்பதெல்லாம் முஅய்ஸிம் கூடத்தில். இறைச்சி மக்காவின் புனித எல்லையான ஹரமின் ஏழைகளுக்கும் பிற நாடுகளுக்கும் போகிறது. நம் கண்ணில் ஒன்றும் படாது. மக்காவில் ரூமுக்கே வந்து "பாதி விலைக்குக் குர்பானி முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்டவர்களும் உண்டு. ரசீது கேட்டால் சிரிப்பார்கள். கொடுத்தவர்கள் ஆடு அறுபட்டதா இல்லையா என்றே தெரியாமல் தவித்ததைப் பார்த்தேன். தயவுசெய்து அவர்களிடம் ஏமாறாதீர்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தகவல் வரும் என்றார்கள். மெத்தைகள் ஒட்டி ஒட்டிக் கிடக்கும் அந்த டெண்ட்டில், நடுத் திரைக்குப் பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் குர்பானி ஆட்டை முந்தின நாள் சந்தையில் வாங்குகிற பழக்கம் கிடையாது. நோன்புப் பெருநாள் கழிந்ததுமே அத்தா ஒரு கிடாயைப் பிடித்து வந்து கட்டிவிடுவார். இரண்டு மாதம் நாங்கள் தழை ஒடித்துப் போட்டு, குளிப்பாட்டி, பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்க்க வேண்டும். "பாசம் வைக்காத ஆட்ட அறுத்துக் கொடுக்கறதுல என்ன இருக்கு?" என்பார். இப்ராஹீம் நபி பெற்ற பிள்ளையைக் கிடத்திய இதே மினாவில் வந்து, ஒரு கூப்பனோடு முடிந்துவிட்டதே என்று அம்மாவிடம் குறைப்பட்டேன். இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வைச் சேர்வதில்லை, தக்வா என்கிற இறையச்சம்தான் சேரும் என்று குர்ஆன் சொல்வது தெரியாமல் இல்லை. இருந்தாலும்.

அம்மா கொஞ்ச நேரம் தஸ்பீஹ் மணியை உருட்டினார். பிறகு சொன்னார்: "ஷைத்தான் அந்தப் பிள்ளையப் பெத்த ஹாஜரா அம்மாகிட்டயும் போனான்ல? பெத்த மனசு, சீக்கிரம் இளகிடும்னு கணக்குப் போட்டுருப்பான். அந்த அம்மா, அல்லா சொல்லியிருந்தா சரிதான்னு வெரட்டிவிட்டுச்சு. எங்கிட்டயும் வந்தான் தம்பி. பணம் கட்டுன மனுசன ஏன்டா ரப்பே நீ கூப்பிடாம விட்டுட்டன்னு ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டே இருந்தேன். தொழுகப் பாய்லயும் அதே நெனப்பு. யாருகிட்டயும் சொல்லல. கடைசிக் கல்லோட அதைப் போட்டுட்டேன்."

ரப்பே! பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்களைச் சுற்றி அத்தனை பேர், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மினாவில் அழுகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

தகவல் வருவதற்கு முன்னால் ஊரிலிருந்து போன் வந்தது. நம் ஊரில் மறுநாள் 29ஆம் தேதிதான் பக்ரீத். எங்களுக்குப் பெருநாளான அன்று அங்கே அரஃபா நோன்பு. தம்பி மகன் கிடாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறானாம், என்ன செய்வது என்று தம்பி கேட்டான். "அழட்டும், அதட்டாத. காலைல அவன் கையாலயே தண்ணி காட்டச் சொல்லு" என்றார் அம்மா.

அஸர் தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் குர்பானி முடிந்த செய்தி வந்தது. டெண்ட்டில் எழுந்த தக்பீர் இன்னும் காதில் இருக்கிறது. நான் தலையை மழித்தேன். அம்மா முடியின் நுனியில் விரற்கணு அளவு கத்தரித்துக்கொண்டார். மக்காவின் அஜீஸியா பகுதியில் தங்கியிருந்த ரூமில் குளித்துச் சட்டை போட்டதும் அத்தாவின் இஹ்ராம் துணியை அம்மா அலசிக் காயவைத்தார். அடக்கம் செய்யும்போது போர்த்தும் கஃபனுக்கு ஊருக்கு எடுத்துப் போவார் என்று நினைத்தேன். கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த வங்காளதேசத் தம்பி உம்ராவுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தானாம். அவனிடம் கொடுத்துவிட்டார்.

கஃபாவைச் சுற்றும் தவாஃபுஸ் ஸியாரா கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. எப்படி ஏழு சுற்று முடித்தோம் என்று எனக்கே தெரியவில்லை. அல்லாஹ் கூப்பிட்டான், அவனே நடத்தினான். குடை பிடித்த பிள்ளையின் பெயர்கூடக் கேட்கவில்லை. அவனுக்கும், வீல்சேர் தந்தவருக்கும், துஆவுக்குச் சொல்லிவிட்ட உங்கள் எல்லோருக்கும் பெயர் பெயராகக் கேட்டோம். யா அல்லாஹ், எங்கள் அத்தாவின் நிய்யத்தையும் அம்மாவின் ஹஜ்ஜையும் கபூல் செய்வாயாக. ஆமீன்.